வடக்குச் சுவர் வேர்க்கும் வீடு

பாய்மரக் கப்பல் ஓடிய காலம். காற்று அடித்தால் வியாபாரம், அடிக்காவிட்டால் பட்டினி என்று மனிதர் பிழைத்த காலம். அப்போது நடந்தது இது. ஒரு தரம்தான் சொல்வேன். நடுவே கேள்வி கேட்காமல் கேளுங்கள்.

கடலோரப் பட்டினம் ஒன்றில் ஆவுடையப்பர் என்று ஒரு கயிறு வியாபாரி இருந்தார். கப்பல்காரர்களுக்குக் கயிறு விற்பார். மனைவி பெயர் உலகம்மை. பிள்ளை இல்லை. அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் பெரிய வீடு. முப்பது வருஷம் அதில்தான் குடித்தனம்.

உலகம்மைக்கு இளைப்பு நோய். மழை பிடித்தால் மூச்சுத் திணறும். போன ஐப்பசியில் அவள் பிழைத்ததே பெரிய காரியம். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"ஆவுடையப்பரே, கடல் ஈரம் இந்த நெஞ்சுக்கு ஆகாது. வடக்கே கரிசல் காட்டுக்குக் கொண்டுபோங்க. ஐப்பசி மழை விழுமுன்னே போயிடணும். இன்னொரு மழைக்காலம் இங்கே தாங்காது."

கரிசல் காட்டில் உலகம்மையின் தம்பி ஒரு சின்ன வீடு பார்த்து வைத்தான். அதை வாங்க வேண்டுமென்றால் இதை விற்க வேண்டும். புரட்டாசி பிறந்துவிட்டது. இருப்பது ஒரு மாதம்.

ஆவுடையப்பருக்கு மனைவிமேல் உயிர். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவசரம் வந்தால் மனிதனுக்குப் பார்வை குறுகிப்போகிறது. அன்று முதல் வீட்டைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சல். "இந்தச் சனியன் என்றைக்குத் தொலையுமோ" என்பார். உலகம்மை காதைப் பொத்திக்கொள்வாள்.

முதலில் ஓர் ஏலக்காய் வியாபாரி வந்தார். தோளில் சரிகைத் துண்டு. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். கூரை இறவாணத்தில் நாலைந்து குருவிக்கூடு. ஒரு குருவி அந்த நேரம் பார்த்துத் தன் வேலையைத் துண்டின்மேல் முடித்தது.

"என்ன வே, வீட்டை எனக்கு விக்கீரா, குருவிக்கு வித்தாச்சா?" என்று கேட்டுவிட்டு அவர் துண்டை உதறிக்கொண்டு போனார்.

ஆவுடையப்பர் ஏணி போட்டு ஏறினார். கூடுகளை எல்லாம் பிய்த்து எறிந்தார். பகலெல்லாம் தனியே இருக்கும் உலகம்மைக்கு அந்தக் குருவிகள்தான் பேச்சுத் துணை. மறுநாள் காலையில் அவள் குருவிக்குப் போடும் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள். பிறகு பானையிலேயே போட்டுவிட்டாள்.

இரண்டாவதாக அரண்மனை எழுத்தர் ஒருவர் வந்தார். எல்லா அறையும் பார்த்தார். அடுப்படி வாசலில் நின்று மூக்கைச் சுளித்தார்.

"கரி அப்பிக் கிடக்கே! என் சம்சாரம் இதுக்குள்ளே கால் வைக்க மாட்டா."

அவரும் போனார். ஆவுடையப்பர் அடுப்பை இடித்தார். சுண்ணாம்பு அடித்தார். கொல்லையில் மூன்று கல்லை வைத்து, "கொஞ்ச நாளைக்கு இங்கே பொங்கு" என்றார். உலகம்மை ஈரத்திலும் கடல் காற்றிலும் உட்கார்ந்து பொங்கினாள். இருமல் ஒரு படி ஏறியது.

மூன்றாவதாக ஒரு முத்து வியாபாரி வந்தார். வெள்ளை வெளேரென்ற வீட்டைப் பார்த்து அவருக்குத் திருப்தி. விலை பேச வாயெடுத்தார். உள்ளே இருமல் கேட்டது. விடாமல் கேட்டது.

"யாருக்கு அண்ணாச்சி உடம்புக்கு?"

"என் சம்சாரத்துக்கு. லேசா..."

"சொந்தக்காரங்களுக்கே ஒத்துக்காத வீடு எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டுக் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இப்போது ஆவுடையப்பர் என்ன செய்தார்? குருவியை விரட்டினார். அடுப்பை விரட்டினார். மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தி.

ஐப்பசிக்கு எட்டு நாள் இருந்தது. கருப்பட்டி வியாபாரம் செய்யும் வடிவம்மை வீடு பார்க்க வருகிறாள் என்று சேதி வந்தது. ஆவுடையப்பர் மனைவியிடம் போனார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ஏளா உலகு, ஒரு நாழிகை கொல்லை வைக்கோல் கொட்டகையிலே இரேன். அந்தம்மா வந்து பார்த்துட்டுப் போகட்டும்."

"வீட்டை விக்கிறதுக்கு முன்னாடியே என்னைக் காலி பண்ணச் சொல்றீங்களாக்கும்" என்று உலகம்மை சிரித்தாள். ஒரு செம்பு தண்ணீரை எடுத்துக்கொண்டு போனாள். அந்தச் சிரிப்பு அவருக்கு முள்ளாகத் தைத்தது. தைத்ததைப் பிடுங்க நேரமில்லை. வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது.

வடிவம்மை தடித்த உடம்புக்காரி. ஊர் ஊராகக் கருப்பட்டி வாங்கி, சேர்த்து வைத்து, மழைக்காலத்தில் விற்பவள். அவள் மற்றவர்களைப் போல அண்ணாந்து பார்க்கவில்லை. ஒவ்வோர் அறையிலும் சப்பணமிட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி, இந்த வீட்டிலே என்ன குறை?"

"ஒரு குறையும் கிடையாது."

"கிணறு?"

"இளநீர்தான் போங்க."

"வடக்கு அறையிலே என் கருப்பட்டிச் சிப்பத்தை அடுக்கலாமா?"

"கூரை முட்ட அடுக்குங்க!"

"இவ்வளவு நல்ல வீட்டை ஏன் விக்கிறீங்க?"

"சும்மாதான்" என்றார் ஆவுடையப்பர்.

வடிவம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது ஏழாவது வீடு. ஏழு இடத்திலும் இதே கேள்வி கேட்டேன். ஏழு பேருமே ஒரு குறையும் இல்லேன்னாங்க. இந்த வீட்டிலே குருவிக்கூடு இருந்த தடம் இருக்கு, குருவி இல்லே. அடுப்பு இருந்த தடம் இருக்கு, அடுப்பு இல்லே. கொடியிலே பொம்பளைச் சேலை காயுது, பொம்பளையைக் காணோம். எல்லாம் ஓடிப்போன வீட்டிலே நான் வந்து என்ன செய்ய? வாரேன் அண்ணாச்சி."

எழுந்துவிட்டாள். அப்போது கொட்டகைப் பக்கமிருந்து இருமல் கேட்டது.

"அது யாரு?"

"அது... பக்கத்து வீட்டு மாடு."

"எங்க ஊர் மாடு கத்தும். உங்க ஊர் மாடு இருமுமோ?"

இருமல் நிற்கவில்லை. வைக்கோல் தூசி நெஞ்சில் ஏறிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கி வந்தது. பிறகு சட்டென்று சத்தமே இல்லை. வாங்க வந்தவள் முன்னால் நிற்கிறாள். ஐப்பசிக்கு எட்டு நாள் இருக்கிறது. ஆவுடையப்பர் ஒன்றையும் நினைக்கவில்லை. வேட்டி தடுக்க ஓடினார்.

உலகம்மை தூணைப் பிடித்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். நெஞ்சைத் தடவினார். வடிவம்மை ஓடிப்போய்த் தண்ணீர் இறைத்து முகத்தில் தெளித்தாள். மூச்சு மெல்ல மெல்லத் திரும்பியது.

ஆவுடையப்பர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இவளுக்காகத்தாம்மா விக்கிறேன். கரிசல் காட்டுக்குப் போனாப் பிழைப்பான்னாரு வைத்தியரு. ஆள் பயந்து ஓடுறாங்கன்னு இவளையே வைக்கோலுக்குள்ளே தள்ளிட்டேன். நான் மனுசனா?"

"அதை மதினிகிட்டே கேளுங்க. எனக்கு வேற கேள்வி இருக்கு" என்றாள் வடிவம்மை. உலகம்மையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மதினி, மூச்சு வந்த பிறகு சொல்லுங்க, அவசரமில்லே. இந்த வீட்டிலே என்ன குறை?"

உலகம்மை கணவரைப் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்தாள். பிறகு, கூடப் பிறந்தவளைப் பற்றிப் பேசுவது போலப் பேசினாள்.

"குறையா? வடக்குச் சுவர் ஐப்பசி கார்த்திகையிலே வேர்க்கும். பாவம், வெயிலே படாத சுவர், அது என்ன செய்யும்? நீங்க அங்கே கருப்பட்டியை அடுக்கிடாதீங்க. உருகி ஓடிடும். அடுப்படிப் பரண்லே வையுங்க. புகை ஏறி ஒரு வட்டுக் கருப்பட்டிகூடக் கசியாது. இவங்க அடுப்பை இடிச்சிட்டாங்க. திரும்பப் போடணும்."

"சரி."

"கிணறு மாசிக்கு மேலே உப்புக் கரிக்கும். அப்போ குளிக்கத்தான் ஆகும். ஆனா முப்பது வருசத்திலே ஒரு நாள் வத்தினதில்லே. இந்தத் தெருவுக்கே தண்ணி கொடுத்திருக்கு. என் நெஞ்சுக்கு ஆகாதது கடல் காத்து, வீடு இல்லே. இதே காத்திலே இருந்த இவங்க தொந்தியைப் பாருங்க."

வடிவம்மை சிரித்தாள். ஆவுடையப்பர் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் மூச்சு முட்டி உட்கார்ந்திருந்த ராத்திரி ஒண்ணா ரெண்டா! இந்தத் தூண்லேதான் சாய்ஞ்சிருப்பேன். தாய் முதுகுதான் அது. இந்த வீடு எனக்கு ஒரு குறையும் வைக்கலே, தங்கச்சி."

வடிவம்மை மடியை அவிழ்த்தாள். வெற்றிலை பாக்கை எடுத்து உலகம்மையின் கையில் வைத்தாள். அந்தக் காலத்தில் அதுதான் வாங்குகிறேன் என்கிற முடிவு. அதற்குமேல் பேச்சில்லை.

"அம்மா!" என்றார் ஆவுடையப்பர். "இவ்வளவு குறையைக் கேட்ட பிறகுமா?"

"உங்க பேச்சை நம்பி வாங்கியிருந்தா ஒரே மழையிலே என் வருசச் சம்பாத்தியம் தரையிலே ஓடியிருக்கும். குறை எல்லா வீட்டிலும் இருக்கு அண்ணாச்சி. அதைக் கண்டு நான் பயப்படலே. நீங்க இந்த வீட்டைத் தொலைச்சாப் போதும்னு பேசினீங்க. அதுதான் பயமா இருந்தது. மதினி இதை விட்டுப் பிரிய மனசில்லாமப் பேசினாங்க. அப்படி ஒரு வீட்டுக்குத்தான் நான் குடிவரணும்."

அவள் விலையைக் குறைத்துக் கேட்கவில்லை. அவரே குறைத்தார். அடுப்பு போடுகிற கூலியைக் கழித்துக்கொள்ளச் சொன்னார்.

ஆறாம் நாள் வண்டியில் சாமான் ஏறியது. உலகம்மை நிலைக்கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினாள். ஆவுடையப்பர் வாசல் வரை வந்தவர் திரும்பிப் போனார். வடக்கு அறைக்குள் போய் அந்தச் சுவரில் இரண்டு கையையும் வைத்தார். முப்பது வருஷம் மழை தாங்கியது, புயல் தாங்கியது. ஒரு நாளாவது அதற்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னாரா? இல்லை.

"போயிட்டு வாரோம்" என்றார். திரும்பி வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வேறெப்படிச் சொல்வது?

கரிசல் காட்டுக்குப் போய்ப் பத்து நாள் ஆனது. ஒரு மத்தியானம் உலகம்மை பாயை விரித்து, காலை நீட்டி, மல்லாந்து படுத்துத் தூங்கினாள். அவள் அப்படிப் படுத்துத் தூங்கி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆவுடையப்பர் பக்கத்தில் உட்கார்ந்து, ஏறி இறங்கும் அந்த மூச்சைப் பார்த்தார். வைத்தியரை நினைத்தார். வடிவம்மையை நினைத்தார். பழைய வீடு இருக்கும் தெற்குத் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

தன்னைத் தாங்கிய இடத்தின் குறையை மறைக்காமலும் அதன் நன்றியை மறக்காமலும் பேசுகிறவர் சொல்லைத்தான் உலகம் நம்பும்.