அரை மணி முந்திய பெட்டி

ஓய்வுபெற்ற தாசில்தார் தாண்டவராயன் வீட்டில் எல்லாக் கடிகாரமும் அரை மணி முன்னால் ஓடும். தாமதம் என்றாலே அவருக்கு ஆகாது. சமையல்காரி செங்கமலம் தினமும் சாயங்காலம் டாண் என்று ஆறு மணிக்கு வருவாள். "ஆறரைக்கா வர்றது?" என்று திட்டு வாங்குவாள். அன்றும் வாங்கினாள்.

அன்று கனடாவில் தாசில்தாரின் தங்கை மகன் கல்யாணம், டிவியில் நேரலை. கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். டிவி பெட்டியோ, "சர்வருடன் இணைய முடியவில்லை" என்று அடம்பிடித்தது. வந்த மூன்று மெக்கானிக்குகளும் வயரைப் பிடுங்கிச் சொருகிவிட்டு ஓடிப்போனார்கள்.

காபி கொண்டுவந்த செங்கமலம் கேட்டாள்: "பெட்டிக்கும் நீங்கதான் நேரம் வெச்சீங்களாய்யா?"

"பின்னே? அதுவும் அரை மணி முன்னாடிதான்! ரொம்பத் தெரிஞ்சா நீயே சரிபண்ணு. முடியலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

அவள் ரிமோட்டை வாங்கி, நேரத்தைப் பெட்டி தானாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றினாள். பீப்பீ டும்டும்! மாப்பிள்ளை கையில் தாலி!

"என் போன்ல நேரம் தப்பானப்பவும் இப்படித்தான் ஆச்சுங்கய்யா. நம்ம நேரம் சரியா இருந்தாத்தான் அந்த சர்வர் உள்ளே விடும். இன்னும் பொறக்காத நேரத்துல போய் நின்னுக்கிட்டுக் கதவைத் தட்டினா, யார் திறப்பா?"

திரையின் மூலையில் மணி 6:10. சுவரில் 6:40.

"நான் வந்து பத்து நிமிஷம்தான் ஆகுது. இன்னிக்கு நான் லேட்டாய்யா?"

கூடமே திரும்பி அவர் நாற்காலியைப் பார்த்தது. தாசில்தாரைக் காணோம். ஸ்டூல் மேல் ஏறி, சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.