ஜட்ஜ் ஐயாவின் நாக்கு

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்திரண்டு.

குரு சுடிதார் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வருவார். சீடர் டிரைவர் ஓட்டக் காரில் வந்து இறங்கி, ஸ்கூட்டர் நிற்கிறதா என்று முதலில் பார்ப்பார். நின்றால் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போவார். ஒரு காலத்தில் அவர் உள்ளே வந்தால் ஒரு கூடமே எழுந்து நிற்கும்.

குருவின் பெயர் ஜெசிந்தா. புதுச்சேரிக்கு வெளியே ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன விஸ்கி ஆலையில், எந்தப் பீப்பாய் எப்போது பாட்டிலுக்குப் போகலாம் என்று முடிவு செய்வது அவருடைய மூக்கு.

சீடர் பெயர் சிவக்கொழுந்து. ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. பதவியில் இருந்தவரை ஒரு சொட்டு தொட்டதில்லை. குடித்துவிட்டு வந்து நின்றவர்களைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு அலுத்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகு, மருமகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த விஸ்கியை மரியாதைக்காக ஒரு வாய் குடித்தார்.

“இத்தனை நாள் இது எங்கே இருந்தது?” என்று கேட்டார்.

அன்றோடு மனிதர் மாறிப்போனார். புத்தகங்கள் வாங்கினார். அடி பருத்து வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணங்கள் வாங்கினார். கடற்கரைச் சாலையில் தன்னோடு காலை நடை போகிறவர்களுக்கு மால்ட் விஸ்கி என்றால் என்ன என்று பாடம் எடுத்தார். அவர்கள் நடையின் வேகத்தைக் கூட்டினார்கள்.

ஆலையில் சனிக்கிழமை காலைகளில் வெளியாட்களுக்குச் சுவை பார்க்கச் சொல்லித் தருவது வழக்கம். மற்றவர்கள் ஒருமுறை வருவார்கள், பீப்பாய் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சிவக்கொழுந்து மட்டும் எல்லாச் சனிக்கிழமையும் வந்தார்.

முதல் நாள் மேஜையில் நான்கு கிண்ணங்கள் இருந்தன. பக்கத்தில் ஒரு வாளி.

“வாயில வச்சு, நாக்குல சுத்தவிட்டு, வாளியில துப்பிடணும் ஐயா,” என்றார் ஜெசிந்தா.

“யார் முன்னால?”

“என் முன்னாலதான்.”

“அது எப்படிம்மா? சொல்லிக் கொடுக்கிறவங்க முன்னால துப்புறதா? அப்படி எங்க வீட்டுல வளர்க்கலையே.”

நான்கையும் பக்தியோடு விழுங்கினார்.

“நாலுக்கும் என்ன வித்தியாசம்?”

“வித்தியாசமா?” சிவக்கொழுந்தின் முகம் மலர்ந்திருந்தது. “நாலும் நல்லவங்கம்மா. நாலு பேருக்கும் விடுதலை.”

ஜெசிந்தா சிரிக்கவில்லை. “நீங்க சாட்சியை விசாரிக்கல ஐயா. சாட்சி வீட்டுல விருந்து சாப்பிட்டுட்டீங்க.”

அடுத்த வாரம் அவர் துப்பினார். சுவர்ப் பக்கம் திரும்பி, கையால் மறைத்து, துப்பிவிட்டு மன்னிப்பும் கேட்டார். மெல்ல மெல்லத்தான் அந்த மன்னிப்பு நின்றது.

அடுத்து புத்தகம் வந்து குறுக்கே நின்றது. ஒருநாள் கிண்ணத்தை முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடிச் சொன்னார்.

“ஹெதர் பூ.”

“பார்த்திருக்கீங்களா?”

“ஸ்காட்லாந்து மலையில பூக்குமாம்.”

“பார்த்திருக்கீங்களா ஐயா?”

“இல்லை.”

“அடுத்தவங்க சொல்லிக் கேட்டதை வந்து சொல்ற சாட்சி செல்லுமா?”

“செல்லாது,” என்றார் ஜட்ஜ். தன் வாயாலேயே தன் புத்தகங்களைத் தள்ளுபடி செய்தது அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

“உங்க மூக்கு என்ன சொல்லுது?”

வெகுநேரம் முகர்ந்தார். “சொன்னா சிரிப்பீங்க. நாங்க பள்ளிக்கூடத்துல ஸ்லேட்டு துடைக்கக் கோவை இலை கொண்டுபோவோம். அதைக் கசக்கினா ஒரு பச்சை வாசனை வரும்.”

ஜெசிந்தா அதே கிண்ணத்தை எடுத்து முகர்ந்தார். “ஆமா,” என்றார்.

அந்த ஒரு ‘ஆமா’வை சிவக்கொழுந்து வீடுவரை கொண்டுபோனார். உயர் நீதிமன்றம் தன் தீர்ப்பை உறுதி செய்த நாட்களில்கூட அவர் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. மறுநாள் காலை நடையில் சொல்லவும் சொன்னார். கோவை இலைக்கு மயங்கிய ஒரு நண்பர் மட்டும் வேகத்தைக் குறைத்தார்.

அதற்குப் பின் மனிதருக்கு நாக்கு பிடிபட்டுவிட்டது. மூடிவைத்த ஆறு கிண்ணங்களில் ஒரே பீப்பாயிலிருந்து வந்த இருவரை ஜோடி சேர்த்தார். ஒரு துளி தண்ணீர் விட்டதும் எது மலர்கிறது, எது சுருங்குகிறது என்று சொன்னார். புகை மிகுந்த விஸ்கியை முதலில் சுவைத்தால் அடுத்து வருவதெல்லாம் சப்பென்று தெரியும் என்பதைத் தானாகவே கண்டுபிடித்தார். ஜெசிந்தா அதை அவருக்குச் சொல்லாமலேயே வைத்திருந்தார்.

ஒரே ஒரு குறை சிவக்கொழுந்தை அரித்தது. ஆலைக்கு யாராவது வந்தால் ஜெசிந்தா அவரைக் காட்டி, “இவர் ஜட்ஜ் ஐயா, சனிக்கிழமை வந்துட்டுப் போவார்,” என்பார். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

“வந்துட்டுப் போறதுக்கு நான் என்ன பால்காரனா?” என்று வீட்டில் மனைவியிடம் பொருமினார்.

“பால்காரன் தினமும் வருவான்,” என்றார் மனைவி.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டே விட்டார். “டீச்சரம்மா, என்னை எப்ப உங்க சிஷ்யன்னு சொல்லுவீங்க?”

“சொல்ல வேண்டிய அன்னிக்குச் சொல்றேன் ஐயா.”

“அதுக்கு நான் என்ன செய்யணும்?”

ஜெசிந்தா கிண்ணங்களைக் கழுவப் போய்விட்டார்.

அந்த ஆண்டு ஆலையில் ஒரு விசேஷம் நடக்க இருந்தது. ஜெசிந்தா ஏழு வருடமாக வளர்த்த ஒரு பீப்பாயைத் தனியாகப் பாட்டிலில் அடைக்கப்போகிறார்கள். அதுவரை எல்லா பாட்டிலிலும் ஆலையின் பெயர் மட்டும்தான் இருக்கும். இதில் அவருடைய கையெழுத்தும் இருக்கும் என்று முதலாளி பலராமன் சொல்லிவிட்டார். பீப்பாயிலிருந்து எடுத்த மாதிரியை ஆலையில் எல்லாரும் சுவைத்தார்கள். “பிரமாதம் மேடம்” என்று எல்லாரும் சொன்னார்கள். வெளியீட்டு விழாவுக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

அதற்கு முந்தைய சனிக்கிழமை, சிவக்கொழுந்து முன்னால் மூன்று கிண்ணங்கள் இருந்தன. மூன்றும் மூடியிருந்தன.

“எந்த ஊர்னு சொல்லணுமா?”

“வேணாம். எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

சீடர் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். தனக்குப் பரீட்சை வைக்கிறார் என்று புரிந்துகொண்டார். இன்றைக்குச் சரியாகச் சொன்னால் அந்த ஒரு வார்த்தை கிடைத்துவிடும் என்று நினைத்தார்.

முதல் கிண்ணம். “வயசான ஆளு. பழைய வழக்குக் கட்டைப் பிரிச்சா ஒரு வாடை வருமே, அது இருக்கு. எதுக்கும் அவசரப்படல. நிறுத்தி நிதானமா பேசுது.”

ஜெசிந்தா தலையசைத்தார்.

இரண்டாவது. “ஈரத் தேங்காய் மட்டையை வெந்நீர் அடுப்புல வச்ச புகை. புகை விலகினா கருப்பட்டி. முரடன்தான், ஆனா நல்லவன்.”

“சரி.”

நாக்கில் புகை போகும்வரை தண்ணீரால் வாய் கொப்பளித்துவிட்டு, மூன்றாவது கிண்ணத்தை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். ஒரு துளி தண்ணீர் விட்டார். காத்திருந்தார். வாயில் வைத்து, சுழற்றி, வாளியில் துப்பினார்.

“மூணுல இது கடைசி,” என்றார்.

“காரணம்?”

“சொல்றேன். காரணம் சொல்லாத தீர்ப்பு தீர்ப்பே இல்லை.” நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் தானாகவே கோர்ட்டுக் குரல் ஆகிவிட்டது. “நல்ல நிறம். நல்ல வாசனை. மாம்பழத் தோல், நெய்யில வறுத்த முந்திரி, எல்லாம் இருக்கு. ஆசையா கடிச்சா நடுவுல மாவு பச்சையா நிக்குது. மேல சிவந்து உள்ளே வேகாத பணியாரம். யாரோ அவசரப்பட்டுக் கல்லுல இருந்து எடுத்துட்டாங்க. இன்னொரு மழைக்காலம் பீப்பாயில தூங்கணும்.”

“அவ்வளவு உறுதியா?”

“சந்தேகத்துக்கு இடமில்லாம.”

ஜெசிந்தா கிண்ணத்தைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினார். சாக்பீஸால் ‘ஜெ’ என்று எழுதியிருந்தது. அவருடைய பீப்பாய்க்கு ஆலையில் அதுதான் அடையாளம்.

சிவக்கொழுந்து அந்த எழுத்தைக் குனிந்து பார்த்தார். ஏழு வருட உழைப்பு. கையெழுத்துப் போடப்போகிற முதல் பாட்டில். அதைப் போய் வேகாத பணியாரம் என்றிருக்கிறார், அதுவும் கோர்ட்டுக் குரலில்.

“கொடுங்கம்மா, இன்னொரு தரம் பார்க்கிறேன்.”

பார்த்தார். இந்த முறை துப்பவில்லை.

“இப்ப நல்லாத்தான் இருக்கு.”

“பச்சை மாவு?”

“அது… காலையில வெங்காயச் சட்னி சாப்பிட்டுட்டு வந்துட்டேன். எனக்குத்தான் வாய் சரியில்லை.”

ஜெசிந்தா அவரைப் பார்த்தார். கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

“ஐயா, ஒரு சந்தேகம். தீர்ப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. அதுக்கப்புறம்தான் குற்றவாளி உங்க சொந்தக்காரர்னு தெரியுது. என்ன பண்ணுவீங்க?”

சிவக்கொழுந்து கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“ஒண்ணும் பண்ண முடியாது. கையெழுத்துப் போட்ட பிறகு அதைத் திருத்த எனக்கே அதிகாரம் இல்லை.”

“பண்ண முடிஞ்சா பண்ணுவீங்களா?”

முப்பது வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்குக் காது சிவந்தது. “மாட்டேன்,” என்றார். “சட்னி பொய்ம்மா. மாவு பச்சையாத்தான் இருக்கு.”

“திரும்பிக்கிறேன். கிண்ணத்தை எல்லாம் மாத்தி வைங்க.”

அவர் மாற்றி மாற்றி வைத்தார். ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்தார். ஒன்றில் நின்றார். தண்ணீர் ஒரு துளி. காத்திருந்தார். சுவைத்தார், துப்பினார், மறுபடி சுவைத்தார். தான் தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று சிவக்கொழுந்து மனமார வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

ஜெசிந்தா கண்ணைத் திறந்தார்.

“பணியாரம்,” என்றார்.

“அம்மா…”

“மாம்பழத் தோல் வாசனை வந்ததும் சந்தோஷத்துல நான் அங்கேயே நின்னுடுவேன் ஐயா. ஒவ்வொரு தடவையும். உள்ளே போய்ப் பார்க்கல. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு.”

“ஆலையில இத்தனை பேர் சுவை பார்த்தாங்களே?”

“பார்த்தாங்க.”

அந்த நேரத்தில்தான் பலராமன் உள்ளே வந்தார். கையில் புதிதாக அச்சான லேபிள். “பாருங்கம்மா, உங்க கையெழுத்து எப்படி விழுந்திருக்குன்னு!”

ஜெசிந்தா லேபிளை வாங்கிப் பார்த்தார். தங்க நிற மையில் அவருடைய பெயர் இருந்தது. விரலால் ஒருமுறை தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இந்த வருஷம் வேணாம் சார். இன்னும் ஒரு மழை போகட்டும்.”

“என்னம்மா விளையாடுறீங்க? நாள் குறிச்சாச்சு. ஊரெல்லாம் சொல்லியாச்சு.”

“உள்ளே வேகல சார்.”

“யார் சொன்னது?”

ஜெசிந்தா சீடர் பக்கம் கையைக் காட்டினார்.

பலராமன் சிவக்கொழுந்தை மேலும் கீழும் பார்த்தார். “ஜட்ஜ் ஐயாவா? தப்பா நினைக்காதீங்க ஐயா, நீங்க நேத்துதானே குடிக்கவே ஆரம்பிச்சீங்க?”

“அது உண்மைதான்,” என்றார் சிவக்கொழுந்து. “நான் கத்துக்குட்டி. என் பேச்சைக் கேட்டு நிறுத்த வேணாம். ஆனா கேட்டா, நான் சொன்னதைத்தான் மறுபடியும் சொல்லுவேன்.”

பலராமன் ஜெசிந்தாவிடம் திரும்பினார். “ஆலையில அத்தனை பேரும் பிரமாதம்னு சொன்னாங்க. நீங்களும்தான் சொன்னீங்க. இவர் ஒருத்தர் இல்லைன்னா எல்லாம் பொய்யாயிடுமா? இவர் யாரும்மா நமக்கு?”

ஜெசிந்தா ‘ஜெ’ எழுதிய கிண்ணத்தை எடுத்து, மிச்சமிருந்ததை வாளியில் ஊற்றினார். அவருடைய முகத்தில் இருந்த பெருமையை அவர் மறைக்க முயலவில்லை.

“அவங்க எல்லாம் என்கிட்ட வேலை பார்க்கிறவங்க சார்,” என்றார். “இவர் என் சிஷ்யர்.”