பெர்க்மான்ஸ் சென்னைக்குப் போகலாமா?

கேட்கிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. பாதியிலேயே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். இந்த வழக்கில் அவசரப்பட்டு வாயைத் திறந்தவர்கள் எல்லோரும் பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

குமரிக் கடற்கரையில் பூவரசன்துறை என்று ஒரு மீனவ ஊர். அந்த ஊர்க் கால்பந்துக் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜூன் மாதம் முதல் பயிற்சியன்று ஆட்டக்காரர்கள் பதினாறு பேரும் பயிற்சியாளரும் குனிந்து, ஒரு விரலாவது படும்படி ஒரே பந்தைத் தொடுவார்கள். கடைசி ஆட்டம் முடியும்வரை, வாரக்கணக்கில் கடலில் தங்கும் விசைப்படகில் ஏறமாட்டோம் என்று ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். கடைசி ஆட்டம் முடியும்வரை உங்களை விட்டுப் போகமாட்டேன் என்று பயிற்சியாளர் சொல்வார். ஒரு வருடம் பாதி அணி கடலில் கிடக்க, ஏழே பேரை வைத்து ஆடி ஒன்பது கோல் வாங்கிய அவமானத்தில் பிறந்த வழக்கம் அது. யாருக்காவது விலக்கு வேண்டுமென்றால் பந்தைத் தொட்ட அத்தனை பேரிடமும் கேட்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் விலக்கு இல்லை. கழகச் செயலாளரும் ஒரு கை வைப்பதுண்டு. இந்த வருடம் செயலாளர் காஸ்மீர் ஜெர்சி வாங்க நாகர்கோவில் போய்விட்டதால் வைக்கவில்லை.

பயிற்சியாளர் பெர்க்மான்ஸுக்கு வயது நாற்பத்தெட்டு. ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக விளையாட்டு ஆசிரியர். பதினான்கு வருடமாக இரண்டாம் பிரிவிலேயே உழன்ற அணியை, ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் முதல் பிரிவு என்கிற இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அந்த ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை.

புதன்கிழமை சென்னையிலிருந்து போன் வந்தது. பெரிய கிளப். தலைமைப் பயிற்சியாளர் வேலை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட்டு அன்றே வேலையில் சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்றார்கள். இரண்டு நாள் தள்ளிப்போட முடியுமா என்று கெஞ்சிப் பார்த்தார். முடியாது.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடிக்காமலே சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். பயிற்சியில் விசிலை வாயில் வைத்தவர் ஊத மறந்து நின்றார். இந்த வயதில் இப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு முறை வராது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவரை வாட்டியது அது மட்டுமல்ல. கோல்கீப்பர் டைட்டஸின் முகத்தைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

காரணம் ஆகஸ்டு மாதத்தில் இருக்கிறது. டைட்டஸின் மாமா கொச்சியில் புது விசைப்படகு இறக்கினார். டைட்டஸைத்தான் படகோட்டும் ஸ்ராங்காகக் கூப்பிட்டார். பத்து வருடம் வலை இழுத்தாலும் கிடைக்காத இடம். டைட்டஸ் பெர்க்மான்ஸிடம் வந்து, எல்லாரிடமும் விலக்குக் கேட்டுத் தரச் சொன்னான். "பந்தத் தொட்டாச்சு மக்கா. இனி என்ன கேள்வி?" என்று அங்கேயே பேச்சை வெட்டிவிட்டார் பெர்க்மான்ஸ். விஷயம் மற்றவர்கள் காதுக்கே போகவில்லை. படகு வேறு ஒருவன் கைக்குப் போனது. டைட்டஸ் கரையில் நின்று கரைமடி வலை இழுக்கும் கூலி ஆளாக ஊரிலேயே நின்றான், ஒரு பயிற்சிக்குக்கூடத் தவறவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பயிற்சிக்கு வந்தவர்களை மணலில் உட்காரவைத்து பெர்க்மான்ஸ் எல்லாவற்றையும் சொன்னார். மாலை ஐந்து மணிக்கு ரயில் என்றார்.

காஸ்மீர் துள்ளி எழுந்தார். "நான் விடமாட்டேன்! ஞாயித்துக்கிழம ஆட்டத்த வச்சுக்கிட்டு ஓடுவியளோ? கழகத்துக்க மானம் என்ன ஆவும்?"

கேப்டன் ரெஜின் அவரை அமர்த்தினான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. "சாரே, நீங்க போங்க. எங்க எல்லாருக்கும் சேத்து நான் சொல்லுதேன். உங்கள நாங்க விட்டாச்சு." பலர் தலையாட்டினார்கள். பெர்க்மான்ஸின் நெஞ்சில் மூன்று நாளாக ஏறியிருந்த பாரம் ஒரு கணம் இறங்கியது.

அப்போது டைட்டஸ் எழுந்தான். "எனக்க வாயால நான் இன்னும் சொல்லல. அண்ணைக்கு நான் கேட்டத இவங்க காதுக்கே நீங்க கொண்டுபோவல. பந்தத் தொட்டாச்சு, இனி என்ன கேள்வின்னு சொன்னீங்க. இப்ப மட்டும் என்ன கேள்வி சாரே?"

விஷயம் தெரியாதவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெர்க்மான்ஸ் ஒளிக்காமல் ஆகஸ்டில் நடந்ததைச் சொன்னார். "நான் செஞ்சது தப்பு மக்கா," என்றார். டைட்டஸ் உட்காரவும் இல்லை, போங்கள் என்று சொல்லவும் இல்லை.

இப்போது சொல்லுங்கள். தடுத்த காஸ்மீர், விடுவித்த ரெஜின், போங்கள் என்று சொல்லாத டைட்டஸ், இந்த மூவரில் யார் செய்தது சரி? பெர்க்மான்ஸ் அந்த ரயிலில் ஏறலாமா?

விடை: காஸ்மீர் பந்தைத் தொடவே இல்லை. தொடாதவருக்குப் பிடித்துவைக்கும் உரிமை கிடையாது. ரெஜினுக்கு நல்ல மனசுதான், ஆனால் அவன் விட்டுக்கொடுக்க முடிந்தது அவனுடைய பங்கை மட்டுமே. டைட்டஸ் செய்ததே சரி. தான் இன்னொருவனுக்காகக் கேட்க மறுத்த சலுகையைப் பயிற்சியாளர் தனக்கென்று கேட்கக் கூடாது. தப்பை ஒப்புக்கொண்டது நல்ல காரியம், ஆனால் அதனால் கொச்சிப் படகு திரும்பி வராது. ஆகவே பெர்க்மான்ஸ் ரயில் ஏறக் கூடாது. இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. அவரும் ஏறவில்லை. மதியமே சென்னைக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டார். மாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் டைட்டஸைக் கோலில் நிறுத்திப் பயிற்சி கொடுத்தார். ஒரு பந்தைக்கூட அவரால் நேராக அடிக்க முடியவில்லை. கடல் பக்கம் ஓடிய ஒவ்வொரு பந்தையும் டைட்டஸே போய் எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தான்.