துவாதசி எடை

உடம்பைக் குறைக்கக் கிளம்பிய மில் முதலாளி ரத்னசபாபதி, ஏகாதசி அன்று பட்டினியோடு எடை மெஷினில் ஏறிப் பார்த்துப் பூரித்துப் போனார். மறுநாள் துவாதசிச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு ஏறினால், இரண்டு கிலோ கூடியிருந்தது.

வீட்டார் முன்னால் சமையல்காரி செண்பகவல்லியை நிறுத்தினார். "எனக்குத் தெரியாம நெய்யைக் கலந்திருக்கே. இல்லேன்னு நிரூபி, இல்லாட்டி நடையைக் கட்டு."

அவள் உள்ளே போனாள். பெரிய செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். "கத்திக் கத்தித் தொண்டை காஞ்சிருக்கும். குடிங்க முதலாளி."

மடமடவென்று குடித்தார்.

"இப்ப ஏறுங்க."

முள் இன்னும் ஒரு கிலோ தள்ளி நின்றது.

"இது நம்ம கிணத்துத் தண்ணி. என்னைய அனுப்புறதுன்னா கிணத்தையும் சேத்து அனுப்புங்க."