மடி மாத்தின முக்கோணம்

ஒரு ஊர்ல ஒரு பயந்தாங்கொள்ளி அம்மா இருந்தா. பேரு ரோஸ்லின். கதவு டப்புனு சாத்துனா பயம், இடி இடிச்சா பயம். எல்லாத்தையும் விடப் பெரிய பயம் பரீட்சை. சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்துல மணி கணகணன்னு அடிச்சதும் படிச்சதெல்லாம் பறந்துபோயி, பத்தாவதுல இங்கிலீஷும் கணக்கும் போயிடுச்சு. ம் கொட்டு.

ம்.

அப்புறம் கல்யாணம் ஆச்சு, பப்பு பொறந்தான். அப்போ டவுன் ஆஸ்பத்திரியில, "பத்தாவது பாஸ் பண்ணிட்டு வா, வேலை இருக்கு. பிள்ளையத் தூங்கவைக்க ரூமும் இருக்கு"ன்னாங்க. இல்லேன்னா தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கப் போகணும். அங்க மருந்து நெடி, பிள்ளைய உள்ள விடமாட்டாங்க. பப்பு பொழுதன்னைக்கும் அம்மா இல்லாம இருக்கணும்.

"எழுதிப் பாரேன்டி. போனா கணக்குத்தான போகும், அது ஏற்கனவே போனதுதான?"ன்னா மாமியார்.

அப்போ ரோஸ்லின் பப்புவ மடியில வச்சுக்கிட்டே படிச்சா. மொதல்ல இங்கிலீஷ் இலக்கணம். பூனை பாலைக் குடிச்சுதுன்னு இருந்தா, பால் பூனையால குடிக்கப்பட்டதுன்னு மாத்தி எழுதணும். அவ மடிய ஆட்டி ஆட்டிச் சொல்ல, பப்பு, "பாவம் பாலு"ன்னான். சிரிச்சதுல அது மனசுல ஒட்டிக்கிச்சு.

அப்புறம் திரிகோணமிதி, நிழல வச்சு உயரம் பாக்குற கணக்கு. மூணு மணி வெயில்ல பப்பு தன் நிழலத் துரத்தித் திங்குதிங்குனு குதிச்சான். அவ அவனை நிக்கவச்சு, நிழலோட கால்லயும் தலையிலயும் கரியால கோடு போட்டு, அவனைப் பக்கத்துல படுக்கவச்சா. அளவு ஒண்ணா இருந்துச்சு. அட, வெயில் நாப்பத்தஞ்சு டிகிரியில சாஞ்சா கணக்குல வர்ற தண்ணி டேங்கோட நிழலும் டேங்கு உயரந்தான்னு புரிஞ்சுபோச்சு. தூங்கிட்டியா?

ம்ம்.

அப்புறம் முக்கோணம் வரையறது. பாகைமானியில வெளிய ஒரு வரிசை எண்ணு, உள்ள ஒரு வரிசை. பப்பு இடது தொடையில உக்காந்து அந்தப் பக்கத்தை மறைப்பான். அதனால அவ வலது மூலைய மொதல்ல வெளி வரிசையில அளப்பா. அப்புறம் அவனை வலது தொடைக்கு மாத்திட்டு, இடது மூலைய உள் வரிசையில அளப்பா. ரெண்டு மூலையில இருந்தும் போற கோடு ரெண்டும் டக்குனு சேரும்.

பரீட்சை வந்துச்சு. மாமியார் பப்புவத் தூக்கிட்டு கேட்டுக்கு வெளிய நின்னா. இங்கிலீஷ் நல்லபடியா போச்சு. கணக்குல நிழலும் வந்துச்சு, போட்டுட்டா. கடைசியில முக்கோணம். சர்ர்னு கோடு போட்டா, அந்தக் கோடு ரெண்டும் சண்டைக்காரங்க மாதிரி ஆளுக்கொரு பக்கம் போகுது. அழிச்சுப் போட்டா, மறுபடி போகுது. படிச்சதெல்லாம் பறக்கப் பாக்குது.

அப்போ குனிஞ்சா. மடி காலியா இருந்துச்சு. மறைக்க ஆளில்லாததால இடது மூலையில ஆரம்பிச்சிருக்கா, கை மட்டும் பழக்கத்துல வெளி வரிசையைப் பாத்திருக்கு. ரெண்டு மூலைக்கும் வரிசை மாறிப்போச்சு.

உடனே முந்தானையச் சுருட்டி இடது தொடையில வச்சா. வலது மூலைய அளந்தா. அப்புறம் சுருட்டுனதை மெதுவா மறு தொடைக்குத் தூக்குனா.

"என்னம்மா நெளியற?"ன்னாரு ஹால்ல காவலுக்கு நின்ன சார்.

"பிள்ளைய மடி மாத்துறேன் சார்."

அவரு குனிஞ்சு பெஞ்சுக்கு அடியில பாத்தாரு. அதுக்குள்ள கோடு ரெண்டும் டக்குனு சேந்துச்சு.

அப்புறம் ரிசல்ட் வந்துச்சு. பாஸ். மாமியார் கேட்டா, "அப்போ கணக்கு இந்தத் தடவை போகலையாக்கும்?"

"போகல அத்தை. மடியிலயே இருந்துச்சு."

திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ல பப்பு அவ மடியில ஏறி உக்காந்தான், இடது தொடையில.

...

கோடு ரெண்டும் சேந்தாச்சு, கண்ணு ரெண்டும் மூடியாச்சு. தூங்கு.