இருநூற்று நாற்பது ஹெர்ட்ஸ்

குருவைத் தேடிச் சீடன் காட்டுக்கு நடந்த காலம் ஒன்று உண்டு. திருமூர்த்தி தன் குருவைத் தேடி ஸ்கூட்டரில் ஆவாரம்பாளையம் போனார். அங்கே ஒரு பம்புசெட் கடைக்கு மேல் மாடியில், எட்டுக் கம்ப்யூட்டர்களும் ஓயாமல் உறுமும் ஒரு ஏசியுமாகப் பயிற்சிக்கூடம் இருந்தது. குருவின் பெயர் கோகிலவாணி, வயது இருபத்தேழு. சீடர் லேத் பட்டறையில் ஃபோர்மேன், வயது முப்பத்தொன்பது. வயதில் அவ்வளவு மூத்தவர் என்றாலும் "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

ஐந்து பேர் ஓர் அணியாகச் சேர்ந்து எதிரணி ஐந்து பேரோடு மோதும் துப்பாக்கி விளையாட்டைக் கோகிலவாணி கற்றுக்கொடுத்தார். அதிகம் பேசமாட்டார். யாராவது தவறு செய்தால், மறுபடி அதையே செய்யச் சொல்வார். மூன்றாவது தடவையில் செய்தவருக்கே புரிந்துவிடும். அதற்குத் திட்டு வாங்குவதே மேல் என்று படிக்க வந்தவர்கள் சொல்வார்கள்.

அன்று சனிக்கிழமை மத்தியானம். திருமூர்த்தி ஒரு நோட்டை மேசைமேல் விரித்தார். பட்டறையில் அளவு எழுதுகிற நேர்த்தியோடு கட்டம் போட்டு எழுதியிருந்தார்.

"மாஸ்டர், ரெண்டு மானிட்டர் பாத்து வெச்சிருக்கறேனுங்க. ஒண்ணு ஓலெட் திரை, கலரு பளிச்சுன்னு இருக்கும், நானூத்தி எம்பது ஹெர்ட்ஸ். இன்னொண்ணு ஐநூத்தி நாப்பது, ஆனா கலரு கொஞ்சம் வெளிறினாப்புல இருக்கும். எதை வாங்கட்டுங்க?"

ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடியில் திரை எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்ற கணக்கு. சாதாரண ஆபீஸ் மானிட்டர் அறுபது முறை மாற்றும். திருமூர்த்தியின் வீட்டில் ஏற்கெனவே இருந்தது இருநூற்று நாற்பது.

கோகிலவாணி நோட்டைப் பார்த்தார். "இப்ப இருக்கறதுல என்னங்கண்ணா குறை?"

"கொஞ்சம் பின்தங்குதுங்க. மத்தவங்களுக்குத் தெரியாது. எனக்குக் கண்ணு பழகிருச்சு."

நல்ல காபி குடித்துப் பழகியவர் கல்யாண மண்டபத்துக் காபியைக் கையில் வாங்கும்போது ஒரு சலிப்பு வருமே, அது அவர் முகத்தில் இருந்தது. தெரிந்தவர்களில் யார் மானிட்டர் வாங்குவதானாலும் கடைக்குப் போவதற்கு முன் அவரிடம்தான் வருவார்கள். எது வளைவு, எது தட்டை, எந்தத் திரையில் கறுப்பு கறுப்பாகவே தெரியும், எல்லாம் சொல்வார். நூற்று நாற்பத்து நான்கு ஹெர்ட்ஸைப் பார்த்தாலே தனக்குத் தலை வலிக்கிறது என்று ஒருமுறை சொன்னார். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"நாளைக்கு வீட்டுக்கு வர்றேனுங்க. அந்தக் குறையைப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றார் மாஸ்டர்.

இந்தப் பழகிய கண்ணுக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருந்தது. பதினான்கு மாதத்துக்கு முன் மாவட்டப் போட்டியின் இறுதி ஆட்டம். திருமூர்த்தியின் அணியினர் அவரவர் வீட்டிலிருந்தே ஆடினார்கள்; இந்த இருநூற்று நாற்பது அப்போதே அவரிடம் இருந்தது. கடைசிச் சுற்றில் தோற்றுப்போனார்கள். மறுநாள் மாடியில் அணி முழுவதும் கூடியிருந்தபோது, எட்வின் என்ற இளைஞனைத் திருமூர்த்தி கைகாட்டினார்.

"கதவோரம் ஆள் வர்றான்னு இவன் சொல்றதுக்குள்ள, என்ர திரையில அவன் வந்து சுட்டுப்போட்டே போயிட்டான். அறுபது ஹெர்ட்ஸ் ஆபீஸ் மானிட்டரை வெச்சுக்கிட்டு இவன் எங்கீங்க பாக்கறது? லேட்டாப் பாக்கறவனை வெச்சுக்கிட்டு ஜெயிக்க முடியாதுங்க மாஸ்டர்."

இரண்டு வாரம் கழித்து எட்வின் இடத்துக்கு வேறு ஆள் வந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். திருமூர்த்திக்கு நன்றாகவே ஆடத் தெரியும். அதனால் அவர் அடுத்தவன் வீட்டுக் கூடம் கோணல் என்றார், எல்லாரும் நம்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கோகிலவாணி வந்தார். திருமூர்த்தியின் மனைவி பூங்கொடி டீ கொண்டுவந்தார்.

"அது பக்கத்துல டம்ளரை வெச்சறாதீங்க," என்று பூங்கொடி சிரித்தார். "பாப்பா அந்தப் பக்கம் போனாவே சத்தம் போடுவாரு."

மானிட்டர் தனி மேசையில் இருந்தது. துடைப்பதற்கென்று மெல்லிய துணி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"குறையைக் காட்டுங்கண்ணா," என்றார் மாஸ்டர்.

திருமூர்த்தி மவுசைப் பிடித்து வட்டமாகச் சுழற்றினார். அம்புக்குறி விட்டு விட்டுத் தாவியது.

"தெரியுதுங்களா? இந்தத் தாவல்தான். இன்னும் ஒசத்தியா ஒண்ணு வாங்குனா இது நின்னுரும்."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். "இருநூத்தி நாப்பதுல இப்படித் தாவாதுங்களே."

மவுசை வாங்கி செட்டிங்ஸைத் திறந்தார். டிஸ்பிளேயில் உள்ளே உள்ளே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இதை வாசிங்கண்ணா."

திருமூர்த்தி வாசித்தார். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி வாசித்தார்.

"அறுபது."

"அறுபதுன்னா?" என்று கேட்டார் பூங்கொடி.

"போன வாரம் கரண்ட் போயிப் போயி வந்துச்சுங்க," என்றார் திருமூர்த்தி. "அப்ப மாறியிருக்கும்."

மாஸ்டர் அந்த அறுபதின் மேல் அழுத்தினார். கீழே ஒரு பட்டியல் விரிந்தது. அதன் கடைசியில் இருநூற்று நாற்பது இருந்தது. அதை அழுத்தினார். திரை ஒரு கணம் இருண்டு மறுபடி வந்தது. மவுசைத் திருமூர்த்தியின் பக்கம் நகர்த்தினார்.

திருமூர்த்தி சுழற்றினார். சூடான தோசைக்கல்லில் வெண்ணெய் போவதுபோல அம்புக்குறி வழுக்கிக்கொண்டு போனது. இன்னொரு முறை சுழற்றினார். கை தானாக நின்றது.

"இதை இந்தத் திரையில இதுக்கு முன்னால பாத்திருக்கீங்களாண்ணா?"

பார்த்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். கரண்டின் மேல் பழியைப் போட்டாயிற்று, அதையே பிடித்துக்கொண்டிருக்கலாம். மாஸ்டரும் நம்பியிருப்பார், இல்லாவிட்டால் நம்பியதாகக் காட்டிக்கொண்டிருப்பார். திருமூர்த்தி மனைவி நின்ற பக்கம் திரும்பாமல், "இல்லீங்க மாஸ்டர்," என்றார்.

பட்டறையில் ஒரு மயிரிழை பிசகினாலும் விரலால் தடவியே கண்டுபிடிக்கிற மனிதர் அவர். இந்தப் பெட்டியைப் பிரித்து, ஒயரைச் செருகி, திரை எரிந்ததும், "என்ன வித்தியாசம்" என்று வியந்து சொன்னவர். அந்த வித்தியாசம் அவருக்கு உண்மையாகவே தெரிந்தது. அதை நினைத்தபோதுதான் உடம்பே கூசியது. பார்க்காததைப் பார்த்தேன் என்று பொய் சொல்லியிருந்தால்கூட அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்திருக்கும். அவர் இல்லாததை நிஜமாகவே கண்டிருந்தார்.

பூங்கொடி ஏதோ புரிந்ததுபோல் உள்ளே போய்விட்டார்.

"மாஸ்டர், இது வெளிய தெரிஞ்சா நான் தலைகாட்ட முடியாதுங்க. உங்களோட இருக்கட்டும்."

"என்னோட எப்படிங்க இருக்கும்? நீங்க சொன்னதைக் கேட்டு எட்வினை நிறுத்துனது நானுங்க. அவன் மானிட்டர் என்னன்னு கேட்டேன். உங்களுது எப்படி ஓடுதுன்னு வந்து பாக்கலை. அன்னைக்கே பாத்திருந்தா ஒரு கிளிக்குல தெரிஞ்சிருக்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மாஸ்டர்னு வேற கூப்பிடறீங்க," என்றார். அதைச் சொல்லும்போது அவரும் தரையைத்தான் பார்த்தார்.

டீயில் ஆடை கட்டியது. இருவரும் எடுக்கவில்லை.

"அப்படீன்னா இப்படிப் பண்ணிக்கலாமுங்க," என்றார் திருமூர்த்தி. "இந்த மானிட்டரை எட்வினுக்கே குடுத்தர்றேன். சும்மாவே குடுத்தர்றேன். நான் வேற வாங்கிக்கறேன்."

"என்னன்னு சொல்லிக் குடுப்பீங்க?"

"இனிமே நீயும் நல்ல மானிட்டர்ல வெளையாடு தம்பின்னு."

"அவன் என்னன்னு நெனைச்சுக்குவான்?"

"மானிட்டர் செரியில்லாததுனாலதான் அன்னைக்கு..." திருமூர்த்தி பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பிறகு, "போன்ல சொல்லிரட்டுங்களா?" என்றார்.

மாஸ்டர் ஹெல்மெட்டை எடுத்தார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமை. எட்வின் வேலை பாக்கற கடை லீவா இருக்குமுங்களே," என்றார் திருமூர்த்தி.

"மருந்துக்கடைங்கண்ணா," என்றார் மாஸ்டர்.

இரண்டு ஸ்கூட்டர்களும் சிங்காநல்லூர் போயின. சிக்னலில் நின்றபோது திருமூர்த்தி பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, "எப்படி ஆரம்பிக்கறதுங்க?" என்று கேட்டார். பச்சை விழுந்துவிட்டது. மாஸ்டர் போய்விட்டார்.

கடையில் நல்ல கூட்டம். எட்வின் கவுண்டருக்குப் பின்னால் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் கண்ணாடி போட்டிருந்தான்.

"வாங்க மாஸ்டர். வாங்கண்ணா." அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் திருமூர்த்திக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"எப்பத் தம்பி கண்ணாடி?"

"ஆச்சுங்கண்ணா ஒரு வருசம். லேட்டாப் பாக்கறேன்னு சொன்னீங்கல்ல. மானிட்டர் மட்டும் இருக்காது, கண்ணுலயும் ஏதோ கோளாறோன்னு டாக்டர்கிட்டப் போனேன். பெருசா ஒண்ணுமில்ல, வேணும்னாப் போட்டுக்கன்னாரு. போட்டுக்கிட்டேன்."

"இப்ப வெளையாடறயா?"

"இல்லீங்கண்ணா. கம்ப்யூட்டரைத் தங்கச்சி படிப்புக்குக் குடுத்துட்டேன். நமக்கு அது வராதுன்னு ஆனப்பறம் எதுக்கு வெச்சிருக்கறது?"

இதை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். சீட்டை நீட்டிய ஒருவருக்கு இருமல் மருந்து எடுக்க உள்ளே போனான். கூட்டம் கொஞ்சம் குறையட்டும் என்று திருமூர்த்தி ஒதுங்கி நின்றார். ஒருவர் போனால் இருவர் வந்தார்கள். பிரஷர் மாத்திரைக்கு வந்தவர், குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கேட்டவர் என்று வந்துகொண்டே இருந்தார்கள். மாஸ்டர் அவசரப்படுத்தவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்றும் சொல்லவில்லை.

கடைசியில் திருமூர்த்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு கவுண்டருக்கு வந்தார்.

"தம்பி, என்ர மானிட்டரும் அறுபதுலதான் ஓடிட்டு இருந்துச்சு. வாங்குன நாள்ல இருந்தே அப்படித்தான். செட்டிங்கை மாத்தாமயே விட்டிருக்கறேன். இன்னைக்கு மாஸ்டர் வந்து பாத்தப்பத்தான் தெரிஞ்சுது. அன்னைக்கு நீ பாத்ததும் நான் பாத்ததும் ஒண்ணுதான். உனக்கு முன்னால நான் எதையும் பாக்கலை. பாத்தேன்னு எல்லாத்து முன்னாலயும் சொன்னேன். உன்னைய லேட்டுன்னு சொன்னேன்."

குரல் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது. காய்ச்சல் மருந்துக்கு நின்றவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். திருமூர்த்திக்குக் கவுண்டரின் கீழே ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

"நானும்தான் எட்வின்," என்றார் மாஸ்டர். "பாக்காமலே நம்பிட்டேன். உன்னைய நிக்கச் சொன்னது தப்பு."

எட்வின் கத்தரித்த அட்டையைக் கவரில் போட்டு, எப்போது சாப்பிட வேண்டும் என்று மேலே எழுதி, வந்தவரிடம் கொடுத்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அந்தக் கடைசிச் சுத்தோட ரெக்கார்டிங்கை எத்தனையோ தடவை போட்டுப் போட்டுப் பாத்தேனுங்கண்ணா," என்றான். "என்னாலதான் நாலு பேரும் தோத்தாங்கன்னு நெனைச்சுட்டு இருந்தேன். இப்ப என் கண்ணும் இல்லைங்கறீங்க, மானிட்டரும் இல்லைங்கறீங்க. பின்ன நாம எதனாலதான் தோத்தோம்?"

திருமூர்த்தி மாஸ்டரைப் பார்த்தார்.

"அவங்க நம்மளவிட நல்லா வெளையாண்டாங்க, எட்வின்," என்றார் கோகிலவாணி.