வலைப்பாட்டில் மிஞ்சியவை

அன்று காலை கரையில் இருந்தவர்கள் இருபத்தாறு பேர். கரைவலையின் வடக்குக் கயிற்றில் பன்னிரண்டு பேர், தெற்குக் கயிற்றில் பன்னிரண்டு பேர். மற்ற இருவர் செய்யுள் கற்பிக்கும் குரு நாச்சியம்மையும் அவருடைய சீடர் ஏகாம்பரமும். குருவைவிடச் சீடர் ஒன்பது வயது மூத்தவர்.

ஏகாம்பரத்தின் தோளில் துணிமூட்டை இருந்தது.

“நான் போகிறேன், அம்மா.”

“ஏன்?”

“புது வலைக்குப் பாட்டு வேண்டும் என்றார்கள். நாற்பது சொல்லில் எழுதிக் கொடுத்தேன். ஒரு தடவை பாடி இழுத்துப் பார்த்துவிட்டு முப்பத்தொன்றை மாற்றிவிட்டார்கள். மிச்சம் ஒன்பது.”

“அந்தத் தடவை வலையில் என்ன வந்தது?”

“ஒன்றும் இல்லை. இரண்டு கயிறும் ஒன்றாக வரவில்லை. வலை கோணி, மீன் போய்விட்டது. அதற்கு என் பாட்டு என்ன செய்யும்?”

குரு அவர் தோளில் இருந்த மூட்டையைப் பார்த்தார்.

“நான் கூலி கேட்கவில்லை, அம்மா. எல்லாரும் கை வைத்தால், என்னுடையது என்று என்ன மிஞ்சும்?”

குரு தெற்குக் கயிற்றைக் காட்டினார்.

படகு மறுபடியும் வலையை வளைத்து விட்டிருந்தது. ஏகாம்பரம் மூட்டையை மணலில் வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

முதல் ஆளாக நின்ற சூசையம்மாள் திரும்பிப் பார்த்தார்.

“இந்தப் பக்கம் பதின்மூன்று ஆனால் வலை மறுபடியும் கோணும், புலவரே.”

குரு சேலையை இழுத்துச் செருகினார். நானூறு அடி நடந்துபோய் வடக்குக் கயிற்றைப் பிடித்தார்.

“இப்போது சரி,” என்றார் சூசையம்மாள். “பாடுங்கள்.”

ஏகாம்பரம் தொடங்கினார். பாட்டின் மூன்றாவது வரியில், மிஞ்சிய ஒன்பதில் ஒன்றான ‘பெருநீர்ப்பரப்பே’ வந்தது.

“நீங்கள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் மீன் அடுத்த ஊருக்குப் போய்விடும்!” என்றார் சூசையம்மாள்.

வரிசை முழுவதும் சிரித்தது. அவருக்குக் காது சுட்டது. மறு சுற்றிலும் அதையே பாடினார். அந்த இடத்தில் கயிறு அவர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு ஒரு சாண் நழுவியது.

அடுத்த சுற்றில் அந்தச் சொல்லை விட்டுவிட்டார். விட்ட இடத்தில் பின்னால் நின்றவர் “வாவா” என்றார். கயிறு நகர்ந்தது. அதன்பின் கயிறு நழுவிய இடத்திலெல்லாம் தன் சொல்லை விட்டார்.

நானூறு அடிக்கு அப்பால், காற்றுக்கு எதிராக, வடக்குக் கயிறும் “வாவா” என்றது. அதில் குருவின் குரலும் இருக்க வேண்டும். ஏகாம்பரத்தால் பிரித்துக் கேட்க முடியவில்லை.

உள்ளங்கைத் தோல் உரிந்தது. அவர் விடவில்லை. இழுக்க இழுக்க இரண்டு வரிசையும் நெருங்கி வந்தன. வலை கோணாமல் வந்தது. கனத்தது.

மூட்டை அலையில் நனைந்துகொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மீன் நிறைந்த வலைமடி கரையேறும் நேரத்தில் குரு அவர் பக்கத்தில் இருந்தார்.

“ஒன்பது சொல் மிச்சம் என்றீர்களே?”

“ஆறை நானே எடுத்துவிட்டேன், அம்மா. இழுங்கள்.”

“அப்படியானால் மிச்சம்?”

ஏகாம்பரம் காலை மணலில் ஊன்றிக்கொண்டார்.

“மூன்று.”